முப்பது வயதில் கால் இழுக்கிறதா? சோம்பல் என்று சொல்லாதீர்கள்



விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். 28 வயது வாலிபன் ஒருவன் லயத்திலிருந்து வருகிறான். வரும்போது நடை நன்றாகத்தான் இருக்கிறது. பத்து மணி ஆவதற்குள் இடது கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. கால்விரல்கள் சுருண்டு வலிக்கின்றன. பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கை முன்போல் ஓடவில்லை. பக்கத்து நிரையில் மூன்று மரம் முடிகிற நேரத்தில் இவனுக்கு ஒரு மரம்தான் ஆகிறது. கத்தி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் வேறு. மண்டோர் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ராத்திரி ரொம்ப ஏத்திட்டியா?" என்கிறார். வீட்டில் அப்பா, "சோம்பேறிப் பய, வேலைக்குப் போக மனசில்லை" என்கிறார். அம்மாவோ, "யாரோ புள்ளைக்குச் செஞ்சு வச்சுட்டாங்க" என்று அழுதுகொண்டு பூசாரியிடம் ஓடுகிறார். மறுநாள் தூங்கி எழுந்ததும் பையன் மறுபடி கொஞ்சம் நன்றாக நடக்கிறான். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடுகிறது. "பாத்தீங்களா, நேத்து நடிச்சான்!"

இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை அல்ல. இப்படி ஒரு வியாதி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தப் பகுதியில் எழுதுகிறோம். மண்டோரும் அப்பாவும் அம்மாவும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் மூன்று பேருமே தவறாக நினைக்கிறார்கள். அந்தத் தவறால் பையனுக்குப் பல வருஷம் வீணாகிறது. மருந்து கொடுத்தால் நன்றாக வேலை செய்யக்கூடிய வருஷங்கள் அவை.

வியாதியின் பெயர் பார்க்கின்சன் நோய். லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பார்த்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் நடந்து போகையில் கவனித்ததுதான். கை நடுக்கம், உடம்பு விறைப்பு, அசைவில் மந்தம், குனிந்த நடை ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ வருவதால், "வயசாச்சு, கை நடுங்குது" என்று நாம் விட்டுவிடுகிறோம். அதுவும் சரியல்ல, வயதானவருக்கும் மருந்து உண்டு. ஆனால் இன்று நாம் பேசப்போவது சிறு வயதில் வரும் வகையைப் பற்றி. 40 வயதுக்கு முன், சிலருக்கு 20 வயதுக்கு முன்பே வருவது. இவர்களில் பலருக்கு முதலில் தெரிவது கை நடுக்கம்கூட இல்லை, மேலே சொன்னபடி கால் திருகிக்கொள்வதுதான். தூங்கி எழுந்தால் குணம் தெரிவதும், பொழுது ஏற ஏற மோசமாவதும் இந்த வகையின் தனி அடையாளம். காலையில் நடந்தவன் மத்தியானம் நடக்க முடியாமல் போவது நடிப்பு அல்ல.

ஜப்பானிய வைத்தியர்கள் இந்த இளவயது வகையை 1973இலேயே தனியாக எழுதி வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன், தங்கை என்று இரண்டு மூன்று பேருக்கு வருவதையும், பல குடும்பங்களில் பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்பதையும் கவனித்தார்கள். காரணம் தெரியவே மேலும் 25 வருஷம் ஆனது. 1998இல் ஜப்பானின் ஜுன்தெண்டோ, கெய்யோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழுவினர் இந்தக் குடும்பங்களில் பழுதாகியிருக்கும் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பார்க்கின் என்று பெயர் வைத்தார்கள்.

உயிரணுவிலும் ஒரு குப்பை வேலை

ஜீன் என்றால் என்ன? நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் என்னென்ன புரதம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த ஏடு இருக்கிறது. அந்த ஏட்டில் ஒரு புரதத்துக்கான பக்கமே ஒரு ஜீன். சாப்பாட்டில் சொல்கிற புரதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பருப்பிலும் மீனிலும் கிடைப்பதை உடம்பு உடைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டு தனக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் செய்துகொள்கிறது. உயிரணுவில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிற தொழிலாளிகள் இந்தப் புரதங்கள்தான்.

செய்த புரதம் என்றைக்கும் அப்படியே இருப்பதில்லை. சில மடங்கிப்போகும், சில அடிபடும், சிலவற்றுக்கு வேலை முடிந்துவிடும். அவற்றை அப்புறப்படுத்தாவிட்டால் உயிரணு நாறிப்போகும். கட்டிப்பாலைப் பொறுக்காமல், மங்கைக் கழுவாமல், சாக்கடை அள்ளாமல் ஒரு தோட்டத்தை ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், தெரியும்.

இந்த வேலைக்கு உயிரணுவில் புரொட்டியசோம் என்ற இயந்திரம் இருக்கிறது. ஒரு வளையத்துக்கு ஏழு துண்டு வீதம் நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பீப்பாய் போன்றது. வெட்டுகிற கத்திகள் ஆறும் பீப்பாயின் உள்ளே இருக்கின்றன. கத்தி வெளியே இருந்தால் நல்ல புரதம் கெட்ட புரதம் பார்க்காமல் எல்லாவற்றையும் நறுக்கிவிடும். அதனால் வாயில் ஒரு மூடி உண்டு. அடையாளம் போட்டு வந்த புரதத்தைத்தான் மூடி உள்ளே விடும்.

மறுநடவுக்கு முன் பழைய பால்மரங்களைச் சாய்க்கிறபோது என்ன செய்கிறார்கள்? முதலில் ஒருவர் நிரை நிரையாக நடந்து, வெட்ட வேண்டிய மரத்துக்குச் சாயக்கோடு போட்டுக்கொண்டே போவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரம்பத்தோடு வருகிற ஆட்கள் கோடு போட்ட மரத்தை மட்டும் சாய்ப்பார்கள். உயிரணுவில் அந்தச் சாயம் யுபிகுயிட்டின் என்னும் சின்னஞ்சிறு புரதம். 76 அமினோ அமிலத் துண்டுகள் கோத்தது. ஒரு கோடு போதாது, சங்கிலி போல வரிசையாக ஒட்ட வேண்டும். ஒட்டியதும் புரொட்டியசோம் அந்தக் கெட்ட புரதத்தை விழுங்கி நறுக்கிவிடுகிறது. சாயத்தை வீணாக்காமல் கழற்றி மறுபடி உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறது. எந்த முதலாளிக்கும் பிடித்த சிக்கனம்! இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த சிகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் என்ற மூவருக்கு 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சாயக்கோடு போடுகிறவர்களில் ஒருவர்தான் பார்க்கின். இப்படிக் கோடு போடும் புரதங்கள் நம் உடம்பில் நூற்றுக்கணக்கில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்டாரம். பார்க்கின் இந்த வேலையைத்தான் செய்கிறது என்பது 2000இல் உறுதியானது. பார்க்கின் வேலைக்கு வராவிட்டால் ரம்பக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அந்த வட்டாரத்துப் பட்ட மரங்கள் நின்றபடியே இருக்கும்.

பிறகு இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. உயிரணுவுக்குச் சக்தி தரும் சிறு எஞ்சின்கள் உள்ளே நிறைய இருக்கின்றன. மைட்டோகாண்டிரியா என்று பெயர். எஞ்சின் பழுதானால் புகை கக்குமே, அதுபோல இவையும் பழுதானால் உயிரணுவுக்குக் கேடான கழிவைக் கக்கும். பழுதான எஞ்சினின் மேல் பிங்க்-1 என்ற வேறொரு புரதம் உட்கார்ந்துகொண்டு, "இங்கே வா" என்று பார்க்கினைக் கூப்பிடும். பார்க்கின் வந்து சாயம் அடிக்கும். முழு எஞ்சின் பீப்பாய்க்குள் போகாது அல்லவா? அதனால் அதை உயிரணுவின் வேறொரு குழியில் போட்டுக் கரைத்துவிடுகிறார்கள். 2008 முதல் வந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால், பார்க்கினின் முக்கியமான வேலையே இந்த எஞ்சின் துப்புரவுதான் என்று தோன்றுகிறது. வயதானவருக்கு வரும் சாதாரணப் பார்க்கின்சன் நோயில் மூளை அணுக்களுக்குள் புரதக் குப்பை உருண்டையாகத் திரண்டு கிடக்கும். பார்க்கின் ஜீன் பழுதானவர்களில் பலரிடம் அந்த உருண்டை இருப்பதில்லை. வெளியே ஒரே வியாதி போலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றாக இல்லை.

சரி, உடம்பு முழுக்க இருக்கும் ஜீன் பழுதானால் கையும் காலும் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? நடுமூளையில் கருமை நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கிருக்கும் அணுக்கள் டோபமின் என்ற சரக்கைத் தயாரித்து அனுப்பினால்தான் நம் அசைவு எண்ணெய் விட்ட சக்கரம் போல் ஓடும். அந்த அணுக்களுக்கு ஓய்வில்லை, எஞ்சின்கள் இரவு பகலாக ஓடுகின்றன. டோபமினே கெட்டுப்போனால் விஷம். வேலைப்பளு அதிகமுள்ள இடத்தில் துப்புரவு நின்றால் முதல் அடி அங்கேதான் விழும். அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து, ஏறக்குறைய பாதி போன பிறகுதான் வெளியே அடையாளம் தெரிகிறது.

யார் பக்கத்துப் பழி?

இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பிள்ளைக்கு வியாதி என்றால் நம்மவர்கள் உடனே மருமகளின் குலத்தைத் தோண்டுவார்கள். பார்க்கின் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நன்றாக இருந்தால் பொதுவாக வேலை நடந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் இந்த வியாதி. ஆகவே வியாதி வந்த பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுது வந்திருக்கிறது. பெற்றோர் இருவரும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் வைத்துக்கொண்டு, தமக்கே தெரியாமல் சுகமாக இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வியாதி வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு பிள்ளை பெற்றால் ஒருவருக்குக் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

பார்க்கின் ஜீன் பழுதாவதற்கு அதன் நீளமும் ஒரு காரணம். மனித உடம்பில் உள்ள மிகப் பெரிய ஜீன்களில் அது ஒன்று, ஆறாம் எண் குரோமோசோமில் சுமார் 14 லட்சம் எழுத்து நீளம். அதில் புரதம் செய்யத் தேவையான 12 துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. நீண்ட வேலியில் எங்காவது ஓட்டை விழுவது போல, சிலருக்கு இரண்டு மூன்று துண்டு அப்படியே காணாமல் போயிருக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் என்பது இங்கேதான் வருகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு ஜீன் இருவருக்கும் பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடம் இருந்த ஒரு பழுது இரண்டு வழியாக இறங்கி ஒரே பிள்ளையிடம் சேர்வதற்கு அது வசதி செய்து கொடுக்கிறது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தைப் பொதுவாகத் தடுத்தாலும், இந்துக்களின் வழக்கத்தை மதித்து நமக்கு விலக்கு அளித்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக உடம்பும் அனுமதிக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தத்தில் மணந்தவர்கள் பயந்து சாக வேண்டாம், பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்குச் சிறு வயதில் இந்த வியாதி இருந்தால், அதே வீட்டுக்குள் மறுபடி சம்பந்தம் பேசுவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நகையும் நிலமும் வெளியே போகக்கூடாது என்ற கணக்கைவிட இது பெரிய கணக்கு.

மருந்து அடித்தவர்களுக்கு

"எங்க வீட்டில் யாருக்கும் இல்லையே, எனக்கு ஏன் நடுங்குது?" என்று முன்பு மருந்து அடித்த அம்மாக்கள் கேட்கக்கூடும். எல்லாப் பார்க்கின்சன் நோயும் ஜீனால் வருவதில்லை.

1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களில் கட்டை போல விறைத்துப்போனார்கள். கள்ளச் சரக்கில் கலந்திருந்த ஒரு ரசாயனம் மூளையின் அந்தக் கரும்பகுதியைக் கொன்றிருந்தது. எஞ்சினைத் தாக்கும் விஷம் அது. உடம்புக்குள் போனதும் அது எந்த உருவம் எடுக்கிறதோ, அந்த உருவமும் நம் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் ரசாயன அமைப்பில் அண்ணன் தம்பி போல. அதிலிருந்து சந்தேகம் கிளம்பியது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், பாராகுவாட் உபயோகித்தவர்களிடம் இந்த வியாதி சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. அதுவே காரணம் என்று எல்லா விஞ்ஞானிகளும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, தயாரிப்பாளர்கள் மறுக்கிறார்கள். ஆனாலும் துப்புரவு ஏற்கனவே சரியில்லாத ஓர் உயிரணுவுக்கு மேலும் குப்பை போடும் விஷம் இது என்பதை மறக்க முடியாது.

மலேசியாவில் 2002இல் தடை அறிவித்தார்கள். 2006இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. ஆகவே முதுகில் தோம்பு சுமந்து பத்துப் பதினைந்து வருஷம் அடித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு பக்கக் கை நடுங்கினால், முகம் உணர்ச்சியற்றுப்போனால், எழுத்து வரவர எறும்பு போலச் சிறுத்தால், வைத்தியரிடம் "நான் இத்தனை வருஷம் மருந்து அடிச்சேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று வேறு மருந்து அடிப்பவர்களும் கையுறை, பூட்ஸ், முகமூடி இல்லாமல் இறங்க வேண்டாம். அவற்றைத் தருவது 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளியின் கடமை, கூலியில் பிடிக்கக்கூடாது.

வைத்தியம்

இப்போது அந்த 28 வயதுப் பையனிடம் திரும்புவோம். அவனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு வைத்தியரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். "சின்ன வயசுதானே, வைட்டமின் சாப்பிடு" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி போங்கள். அங்கே இரத்தமும் கண்ணும் பார்ப்பார்கள். உடம்பில் செம்பு தங்குவதால் வரும் இன்னொரு வியாதியும் இதே போல் நடுக்கம் தரும். அதற்கு வேறு மருந்து, விட்டால் கல்லீரல் போய்விடும்.

சாப்பிட்டு வரும் மருந்துகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சில மனநோய் மருந்துகள் டோபமினைத் தடுத்து இதே அடையாளங்களை உண்டாக்கும். வைத்தியர் அவற்றை மாற்றினாலே சிலருக்கு நடுக்கம் நின்றுவிடும்.

வியாதி இதுதான் என்றால் லெவோடோபா என்ற மாத்திரை இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறும். 1967இல் டாக்டர் கோட்சியாஸ் அதிக அளவில் கொடுத்து, விறைத்துக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். பார்க்கின் ஜீன் பழுதானவர்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே கேட்கிறது. குறைந்த அளவே போதும், வியாதி மெதுவாகத்தான் முற்றும், ஞாபகசக்தி பெரும்பாலும் கெடாது. பழுதான ஜீனை மாற்ற வழியில்லை என்பது உண்மை. ஆனால் கத்தி பிடிக்க முடியாதவன் மறுபடி கத்தி பிடிக்கிறானே, அது சின்ன விஷயமா?

மாத்திரை சாப்பிடும் முறை முக்கியம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. கறி, மீன், முட்டை, பால் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து இரத்தத்தில் ஏறாமல் போட்டி போடும். இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே போடக்கூடாது. சில வருஷத்தில் உடம்பு தானே நெளிந்து ஆடினால் அது பேய் அல்ல, மருந்தின் அளவு கூடிவிட்டது, வைத்தியர் குறைப்பார். "குணமாயிடுச்சு" என்று ஒரே நாளில் நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது மெய். நம் நாட்டு வைத்தியம் அந்த விதையை நெடுங்காலமாக அறியும். அதைக் கேட்டுவிட்டு, செம்பனைக் காட்டில் மண்ணை மூட வளர்க்கிற முக்குனா கொடியும் அதே இனம்தானே என்று அதன் விதையைப் பொறுக்கி அரைத்துவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும், ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரட்டிப்பாகிவிடும்.

கடைசியாகச் சங்கத்துக்கு வருகிற விஷயம். நடை தளர்ந்தவரைக் குலை வெட்டும் வேலையிலிருந்தோ உயரமான வேலையிலிருந்தோ மாற்றி, எளிய வேலை கொடுக்கும்படி கிளைச் செயலாளர் மூலம் நிர்வாகத்திடம் கேட்கலாம். வைத்தியர் கடிதம் கையில் இருக்க வேண்டும். எந்த வேலையும் முடியாது என்ற நிலை வந்தால், சொக்சோவில் வேலை செய்ய இயலாதவர்களுக்கான ஓய்வூதியம் இருக்கிறது. வியாதி தோட்டத்து வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முழு ஓய்வூதியத்துக்கு ஒரு வழி, மனு கொடுக்கும் முன் 40 மாதத்தில் 24 மாதச் சந்தா கட்டியிருப்பது. சேமநிதியிலும் இயலாமைக்காகப் பணம் எடுக்க இடமுண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு வருஷம் வீட்டில் கிடந்த பிறகு சங்கத்துக்கு வந்தால் அந்த மாதக் கணக்கு உடைந்துபோயிருக்கும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள், அடையாளக் கார்டும் ஆஸ்பத்திரி அட்டையும் எடுத்துக்கொண்டு.